மாஸ்கோ போகாத நம் பையன்கள்

வாசகர்களே, உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? தாத்தாவோ, பெரியப்பாவோ, மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. இன்று சாயங்காலம் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"தாத்தா, ஆறுமுகம் விளையாடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

எந்த ஆறுமுகம் என்று அவர் திருப்பிக் கேட்கமாட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுவார். "இவ்வளவு நீளக் கைடா அவனுக்கு!" என்பார். அதன் பிறகு நீங்கள் கேட்கவே வேண்டாம். அவரே சொல்லிக்கொண்டு போவார்.

மலேசியக் காற்பந்துக் குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே செல்லமாகக் கூப்பிட்ட மனிதர். ஆனால் இந்தக் கட்டுரை அவர் ஒருவரைப் பற்றியது அல்ல. அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1980ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பயணத்தைப் பற்றியது. வியர்வை சிந்திச் சம்பாதித்த பயணம் அது. அது எப்படி நின்று போனது, யார் நிறுத்தினார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

பயணம் நின்று போவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஊருக்குப் போகப் பணம் சேர்த்து, டிரங்குப் பெட்டியில் சேலையும் சவர்க்காரமும் அடுக்கி, பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கடைசியாக ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில், நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு பினாங்கு – நாகப்பட்டினம் – சென்னைப் பயணிகள் கப்பலே நின்று போனது. அந்த வருஷம் பெட்டியைக் கட்டிவிட்டு அவிழ்த்து வைத்தவர்கள் எத்தனை பேரோ! ஆனால் அது விபத்து. நான் சொல்ல வந்தது விபத்தல்ல. யோசித்து, முடிவெடுத்து நிறுத்திய பயணம்.

படகேறிப் போன காற்பந்துப் பைத்தியம்

முதலில் பினாங்கிலிருந்து தொடங்குவோம். ஜோர்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் நகர அரங்கம் இருக்கிறதே, அதை அறியாதவர் உண்டா? 1932இல் கட்டப்பட்டது. நாட்டில் இன்னும் பயன்பாட்டில் உள்ள காற்பந்து அரங்கங்களில் மூத்தது அதுதான் என்பார்கள். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து ஆட்டம் பார்க்க வருபவர்கள் பட்டர்வொர்த்துக்கு வந்து, படகேறி, தீவுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோ நடந்தோ அரங்கத்துக்குப் போக வேண்டும். ஆட்டம் முடிந்து திரும்பி வீடு சேர நள்ளிரவாகும். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்ற கவலை ஒரு பக்கம். ஆனாலும் போனார்கள். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் டிக்கெட்டுக்குக் காசு வைத்திருந்தார்கள் என்று வீட்டுப் பெண்கள் திட்டியதும் உண்டு. அந்தத் திட்டில் நியாயமும் உண்டு!

அப்படிப் போனவர்களை ஏமாற்றாத குழு அன்றைய பினாங்குக் குழு. 1974இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. நாமாட் அப்துல்லா, அவர் சகோதரர் ஷாருடின் அப்துல்லா, நடுத்திடலில் ஓய்வில்லாமல் ஓடும் சுக்கோர் சாலே. இவர்களெல்லாம் பினாங்கு மண்ணின் ஆட்டக்காரர்கள். பினாங்கு ரசிகன் இந்தப் பெயர்களைச் சொந்தக்காரர் பெயரைச் சொல்வது போலத்தான் சொல்வான்.

இந்த மூவரும் ஐரோப்பாவைப் பார்த்தவர்கள். 1972இல் மேற்கு ஜெர்மனியின் மூனிக் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழு கலந்துகொண்டது. எம். சந்திரன் குழுவுக்குத் தலைவர். நம்மவர் ஒருவர் தலைமையில் மலேசியா ஒலிம்பிக் திடலில் இறங்கியது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. முதல் ஆட்டத்திலேயே எதிரே நின்றது மேற்கு ஜெர்மனி. அவர்கள் பக்கம் ஆடிய ஊலி ஹோனஸ் என்ற இளைஞர், இரண்டு வருஷம் கழித்து உலகக் கிண்ணத்தையே வென்ற குழுவில் இருந்தார். அந்த ஆட்டத்தில் 0–3 என்று தோற்றோம். அடுத்து அமெரிக்காவை 3–0 என்று வென்றோம். மொரோக்கோவிடம் 0–6. அதோடு திரும்பி வந்தார்கள்.

தோற்று வந்தாலும், போய் வந்தார்கள். அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980 ஏப்ரல் 6

அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து வந்தது. 1980இல் மாஸ்கோவில் ஒலிம்பிக். காற்பந்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் 16 குழுக்கள். ஆசியாவுக்கு மூன்றே இடம். அதற்கான தேர்வுச் சுற்றுகள் மூன்று நகரங்களில் நடந்தன. ஒன்று நமது கோலாலம்பூரில்.

கோலாலம்பூருக்கு வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். தென்கொரியா வந்தது. ஜப்பான் வந்தது. இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ் குழுக்களும் வந்தன. ஒன்றோடொன்று எல்லாம் மோதி முடிந்தபோது மேலே நின்றவர்கள் மலேசியாவும் தென்கொரியாவும். இருவரில் ஒருவருக்குத்தான் மாஸ்கோ. ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் கடைசி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஈஸ்டர் ஞாயிறு.

அப்போது நான் சிறு பிள்ளை. எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதைச் சுற்றி லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. முன்வரிசையில் தரையில் பிள்ளைகள், பின்னால் பெஞ்சியில் பெரியவர்கள், சன்னலுக்கு வெளியே இளவட்டங்கள். காற்பந்து என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் பாட்டிகூட வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்ந்திருந்தார். "நம்ம பையன் எங்கடா நிக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நம்ம பையன் கோல் கம்பத்துக்குக் கீழே நின்றான்.

அந்தக் குழுவின் அழகே தனி. பின்வரிசையில் குழுத் தலைவர் சோ சின் ஆன், சீனர். அவருக்குத் தோள் கொடுத்து சந்தோக் சிங், பஞ்சாபியர். பக்கத்தில் ஜமால் நாசிர், மலாய்க்காரர். அவர்களுக்கெல்லாம் பின்னால் தமிழர் ஆறுமுகம். முன்வரிசைக்குச் சபாவிலிருந்து இருவர், ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும். இப்படி ஒரு குழுவை யாரும் திட்டம் போட்டு, இனத்துக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்துச் சேர்க்கவில்லை. நன்றாக ஆடுபவர்களைப் பொறுக்கினார்கள். இவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஒலிம்பிக் காற்பந்து, சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானது அல்ல. நம் ஆட்டக்காரர்களுக்கும் ஆட்டம் பிழைப்பு அல்ல. பகலில் அலுவலகத்திலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு ஓடியவர்கள்தான் பெரும்பாலும். இன்றைய ஆட்டக்காரர் வாங்கும் தொகையை அன்று அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கொரியர்கள் ஓடுகிற ஓட்டம் தெரியுமல்லவா? மூச்சு விடவிடமாட்டார்கள். ஆட்டம் 1–1 என்று இழுத்துக்கொண்டு போனது. முடியப் போகிற நேரம். ஹசான் சானி பந்தை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிட, ஜேம்ஸ் வோங் அதை வலைக்குள் அனுப்பினார். 2–1!

எங்கள் மண்டபத்தில் அதன் பிறகு நடந்ததை எழுத்தில் சொல்ல முடியாது. பெஞ்சி ஒன்று உடைந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் தண்டல் பெயர் கூப்பிடுகிறார், பதில் சொல்ல ஆளில்லை. அவனவன் ஆறுமுகம் எப்படிப் பாய்ந்தான் என்று பாய்ந்து காட்டிக்கொண்டிருக்கிறான். அன்றைக்குத் தண்டலும் கோபிக்கவில்லை.

மாஸ்கோ எங்கே இருக்கிறது என்று எங்களில் பலருக்கும் தெரியாது. குளிர் ஊர் என்று மட்டும் தெரியும். "ஆறுமுகம் கம்பளிச் சட்டைக்கு எங்கே போவான்?" என்று என் பாட்டி கவலைப்பட்டார். ஜூலை மாதம் அங்கே கோடைக்காலம் என்று அவருக்குச் சொல்ல அங்கே யாருக்குத் தெரியும்?

கம்பளிச் சட்டைக்கு வேலை இல்லாமல் போனது

இனிக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1979 டிசம்பர் மாதக் கடைசியில் சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், ராணுவத்தைத் திருப்பி எடுக்காவிட்டால் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போகமாட்டோம், மற்றவர்களும் போகக் கூடாது என்று கிளம்பினார். அதே மாதம் இஸ்லாமாபாத்தில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் மாநாடும் சோவியத் படையெடுப்பைக் கண்டித்தது. ஆக, மெர்டேக்கா அரங்கத்தில் நம் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே புறக்கணிப்புப் பேச்சு உலகெங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. அழைப்பை ஏற்பதற்கு மே 24 கடைசி நாள். துன் உசேன் ஓன் அப்போது பிரதமர். மலேசியா போகவில்லை.

இதில் அரசாங்கத்தின் பக்கத்தையும் நாம் பார்க்கத்தான் வேண்டும். சும்மா அமெரிக்கா சொன்னதற்காகத் தலையாட்டினார்கள் என்று சொல்வது சரியாகாது. அதற்கு முந்தின வருஷம்தான், சோவியத் ஆதரவு பெற்ற வியட்நாம், கம்போடியாவுக்குள் ராணுவத்தை அனுப்பி ஆட்சியை மாற்றியிருந்தது. வியட்நாமிலிருந்து ஓட்டைப் படகுகளில் தப்பி வந்த ஆயிரக்கணக்கான அகதிகள் திரெங்கானுவுக்கு அப்பால் பீடோங் தீவில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் புகுந்தால் சும்மா இருக்கக் கூடாது என்ற பயம் நமக்கு நியாயமான பயம். ஆப்கான் மக்கள் பட்ட பாடும் பொய்யல்ல.

அதை ஒப்புக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

அந்த நாட்களில் மலேசிய ரப்பரை வாங்கிய பெரிய வாடிக்கைக்காரர்களில் சோவியத் யூனியனும் ஒன்று. 1967இல் இரண்டு நாடுகளும் உறவு ஏற்படுத்திக்கொண்டதற்கே ரப்பர் வியாபாரம் முக்கியக் காரணம். நம் அப்பாவும் அம்மாவும் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவி எடுத்த பாலில் ஒரு பகுதி அங்கேதான் போனது. ஆப்கானிஸ்தானுக்குப் பிறகு அந்த வியாபாரம் நின்றதா? நிற்கவில்லை. ரப்பர் கப்பல் போனது. காற்பந்துக் குழு போகவில்லை.

ரப்பரையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்தியிருந்தால் அடி விழுந்திருப்பது தோட்டத்து அடுப்பில்தான் என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்க்க வேண்டும். ஒரு நாடு தன் கோபத்தைக் காட்ட நினைத்தபோது, யாருக்கும் பண நஷ்டம் வராத ஒரு பொருளைத் தேடியிருக்கிறது. அப்படிக் கிடைத்த பொருள், இருபது சொச்சம் இளைஞர்களின் வாழ்நாள் வாய்ப்பு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சோவியத்துக்குத் தானியம் விற்பதைக் கார்ட்டர் ஜனவரியில் தடுத்தார். விவசாயிகள் முணுமுணுத்தார்கள். 1981 ஏப்ரலில் அடுத்த அதிபர் ரீகன் அந்தத் தடையை எடுத்துவிட்டார். தானியம் மறுபடி போனது. விவசாயிகளுக்கு ஓட்டு இருந்தது. ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு என்ன இருந்தது? ஒலிம்பிக்கை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது.

சரி, புறக்கணித்ததால் ராணுவம் திரும்பியதா? சோவியத்தின் கடைசிப் படைவீரர் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது 1989 பிப்ரவரியில். ஒன்பது வருஷம் கழித்து.

எல்லா நாடுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. பிரிட்டனில் பிரதமர் தாட்சர் அம்மையார் போகாதீர்கள் என்று வற்புறுத்தினார். அந்நாட்டு ஒலிம்பிக் சங்கம், "முடிவு எங்களுடையது" என்று சொல்லி ஆட்களை அனுப்பியது. செபஸ்டியன் கோ 1500 மீட்டரில் தங்கம் வாங்கி வந்தார். ஆஸ்திரேலியர்களிலும் பலர் பிரதமர் சொல்லை மீறிப் போனார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. 80 நாடுகள் போயின.

நம் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

வாசகர்களே, விருந்துக்கு அழைத்த ஒருவர் வராவிட்டால் இலையைக் காலியாகவா வைப்பார்கள்? காற்பந்தில் தகுதி பெற்ற 16 குழுக்களில் 7 குழுக்கள் விலகின. அமெரிக்கா, அர்ஜென்டினா, நார்வே, எகிப்து, கானா, ஈரான், மலேசியா. அந்த ஏழு இலைகளிலும் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். நம் இடத்துக்கு வந்தது ஈராக். தேர்வுச் சுற்றில் குவைத்திடம் தோற்று, வீட்டில் உட்கார்ந்திருந்த குழு அது.

அப்படி வந்த ஈராக் என்ன செய்தது தெரியுமா? கோஸ்தாரிகாவை 3–0 என்று வென்றது. பின்லாந்தோடு சமன். பலம் வாய்ந்த யூகோஸ்லாவியாவோடும் சமன். காலிறுதிக்கே போய்விட்டது! அங்கே கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றுத்தான் வீடு திரும்பியது. ஈராக்கால் முடிந்தது நம்மால் முடிந்திருக்கும் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. கொரியாவை வென்ற குழு, கோஸ்தாரிகாவைக் கண்டு நடுங்கியிருக்காது என்று மட்டும் சொல்வேன்.

விதியின் விளையாட்டு ஒன்றையும் பாருங்கள். மாஸ்கோவுக்குப் போகாத ஈரானும், மாஸ்கோவுக்குப் போன ஈராக்கும், ஒலிம்பிக் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஒன்றோடொன்று போரில் இறங்கின. எட்டு வருஷம் நடந்தது அந்தப் போர்.

கடைசி நேரத்தில் கிடைத்த இடத்தின் மதிப்பு என்ன என்று ஜிம்பாப்வே நாட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும். பெண்கள் ஹாக்கிக்குப் பல நாடுகள் வராமல் போகவே, சில வாரங்களுக்கு முன்புதான் அவர்களைக் கூப்பிட்டார்கள். அவசரமாக ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். தங்கப்பதக்கத்தோடு திரும்பினார்கள்!

ஆண்கள் ஹாக்கியில் நமக்கு ஒரு சிறிய ஆறுதல் உண்டு. பாகிஸ்தான் போன்ற பலசாலிகள் வராத அந்தப் போட்டியில் ஸ்பெயினை 4–3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அந்தக் குழுவின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். ஆக, அந்த ஜூலையில் மாஸ்கோவின் வெற்றி மேடையில் ஒரு தமிழர் நின்றார். இன்னொரு தமிழர் கோலாலம்பூரில் வழக்கம் போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் திறமையில் இல்லை. அடையாள அட்டையில் இருந்தது.

அதற்குப் பிறகு

ஆறுமுகம் தொடர்ந்து ஆடினார். அந்த வருஷம் செப்டம்பரில் குவைத்தில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டிக்கு மலேசியா போனது. முதல் சுற்றைத் தாண்டவில்லை. மாஸ்கோவின் ஏமாற்றம் அவர்கள் கால்களில் இருந்ததா, அல்லது வெறும் ஆட்டத் தோல்விதானா என்று யார் சொல்வது? சோ சின் ஆனும் சுக்கோர் சாலேயுமாவது மூனிக்கைப் பார்த்திருந்தார்கள். ஆறுமுகம், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் ஆகியோருக்கு அதுவும் இல்லை. ஒலிம்பிக் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஆட்டக்காரனின் கால் அதுவரை காத்திருக்காது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மலேசியக் காற்பந்து தகுதி பெறவில்லை. அதன் பிறகு இன்று வரையிலும் பெறவில்லை.

1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் இறந்து போனார். முப்பத்தைந்து வயது. செய்தி வந்த அன்று எங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவனுக்காக என் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பளிச் சட்டை போடாமலேயே போய்ட்டானே" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்து போனது. தோட்டங்களே துண்டுபட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பந்து விளையாடிய திடல் இருந்த இடத்தில் இன்று மதில் சுவர். 2016இல்தான் 'ஓலா போலா' என்ற படம் வந்து மறுபடி எல்லாரையும் 1980க்கு இழுத்துக்கொண்டு போனது. சியூ கெங் குவான் இயக்கிய படம். பெயர்களை மாற்றி, கற்பனையும் கலந்து எடுத்திருந்தார்கள். அதில் கோல் காவலர் முத்து என்ற தமிழ்ப் பையன். மலாய், சீனம், தமிழ் எல்லாம் கலந்து பேசும் படம் அது. ஜோர்ஜ் டவுனில் படம் பார்த்துவிட்டு வந்த வயதானவர்கள், "நாங்க அன்னிக்கே அழுதுட்டோம், இப்ப நீங்க அழுங்க" என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்குப் படத்தில் ஒரே ஒரு குறை. கொரியாவை வென்றதை ஆசை தீரக் காட்டியவர்கள், அதற்குப் பிறகு வந்த அந்தச் சத்தமில்லாத ஜூலை மாதத்தையும் இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியில் யார் யாரோ ஓடுவதைத் தாங்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்திருப்பார்களே, அந்த மாதத்தை.

2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கிண்ணம். 1980க்குப் பிறகு மலேசியா சொந்தக் காலில் தகுதி பெற்று அந்தப் போட்டிக்குப் போனது அப்போதுதான். 2007இல் போட்டியை நடத்திய நாடுகளில் ஒன்று என்பதால் கிடைத்த இடத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் எதிரே வந்தது யார் தெரியுமா? தென்கொரியா! முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, போட்டியிலிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்ட மலேசியா, அன்று விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்ட நேரம் முடிந்து, கூடுதல் நிமிடங்களும் ஓடி, 105ஆவது நிமிடத்தில் மலேசியா அடித்த கோல் ஆட்டத்தை 3–3 என்று சமனாக்கியது.

அந்த ஆட்டத்தை நான் பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் பார்த்தேன். அந்தக் கடைசிக் கோல் விழுந்ததும் இளவட்டங்கள் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டார்கள். ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் கூச்சலிடவில்லை. குடித்து முடித்த கோப்பையை நகர்த்திவிட்டு, கடைக்காரப் பையனைப் பார்த்து, "அன்னிக்கு ரெண்டுக்கு ஒண்ணு, தம்பி" என்றார். பையனுக்குப் புரியவில்லை. காசைக் கொடுத்துவிட்டு அவர் படகுத்துறைப் பக்கமாக நடந்து போனார்.